அதங்கோட்டாசான் கேட்கும் கேள்வி

(நாகர்கோவிலில் முதலாமாண்டுக் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவன் நீட்டி முழக்கக் கூடாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்: கல்லூரியில் ஒரு பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு வரை நீங்கள் பாட்டைப் பற்றி எழுதியதற்குப் பெயர் நயம் பாராட்டல். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, முரண், அணி, சுவை என்று தலைப்புகள் வரிசையாக நிற்கும். 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்று கைடில் உள்ள வரியைப் போட்டு, கீழே இரண்டு சொல்லை அடிக்கோடிட்டால் மதிப்பெண் விழுந்துவிடும். அதை நான் குறை சொல்லமாட்டேன். மோனை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்வார்? ஆனால் கல்லூரியில் பாட்டு நல்ல பாட்டு என்பது முதலிலேயே ஒப்புக்கொண்ட சங்கதி. பாராட்டி முடித்த பிறகு சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது? அங்கேதான் கட்டுரை தொடங்குகிறது.

சும்மா பேசினால் விளங்காது. குறுந்தொகையில் இருபத்தைந்தாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

தலைவன் திருமணத்தைத் தள்ளிக்கொண்டே போகிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் இல்லையென்று சாதித்தால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் மாதிரி மெல்லிய பசிய கால்களோடு, ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும், அதாவது கொக்கும், இருந்தது, அவன் என்னைக் கூடிய அன்று.

இதைக் கொடுத்து எழுதச் சொன்னால் வரும் முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம்: 'இப்பாடல் தலைவியின் துயரத்தை மிக அழகாக எடுத்துரைக்கிறது.' சரி. இதை மறுக்க உலகத்தில் ஓர் ஆள் உண்டா? மறுக்க ஆள் இல்லாத வாக்கியத்தை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. அதனால்தான் இரண்டாவது பத்தியிலேயே பேனா நின்றுவிடுகிறது. மீதிப் பக்கத்தைச் சங்க காலத்துக் களவு வாழ்க்கை, குறிஞ்சித் திணையின் முதல், கரு, உரி என்று நிரப்புகிறோம்.

பாட்டில் இடறுகிற இடம் ஒன்றைத் தேடுங்கள். ஒரு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: 'யாரும் இல்லைன்னு சொல்லியாச்சே சார், அப்புறம் எதுக்குக் கொக்கு இருந்துன்னு சொல்லணும்?' கட்டுரை அங்கே பிறந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் 'இல்லை', 'உண்டு', முரண் நயம் அமைந்துள்ளது என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருப்போம். அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.

நின்று பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஐந்து அடியில் ஏறக்குறைய பாதியைக் குருகு எடுத்துக்கொள்கிறது. அதன் கண்ணோ மீனில் இருக்கிறது, இவர்களைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் வந்து சொல்ல அதற்கு வாய் கிடையாது. இப்படி ஒன்றுக்கும் உதவாத சாட்சிக்கு எதற்கு இத்தனை வருணனை? என் பதில் இது: சாட்சி சொல்லப்போவது குருகு இல்லை, குருகைப் பற்றிய அவளுடைய நினைவு. காலின் மென்மையும் நிறமும் வரைக்கும் சொல்கிறாளே, அங்கே இருந்தவளால்தான் அப்படிச் சொல்ல முடியும். அவன் பொய் சொன்னாலும் அந்த நினைவை அழிக்க முடியாது. இதை ஒருவர் மறுக்கலாம். குருகுதான் தலைவன், மீனுக்குக் காத்திருப்பதுபோலத் தன் இன்பத்திலேயே கண்ணாக இருந்தவன் என்று வாதிடலாம். அதுவும் நல்ல வாசிப்புதான். ஆனால் 'குருகும் உண்டு' என்று அவள் தலைவனோடு கூட இன்னொன்றாகத்தானே அதைச் சேர்க்கிறாள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

ஒரு மாணவர் எழுதியிருந்தார்: நாணத்தால் அவள் தலைகுனிந்து நின்றாள், அதனால்தான் குருகின் கால் மட்டும் கண்ணில் பட்டது. படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் குருகு மீனைப் பார்த்ததையும் அவள் கண்டிருக்கிறாளே. பாட்டு தாங்குகிற அளவுக்குத்தான் நாம் பாரம் ஏற்றலாம். ஓரத்தில் 'என்னை?' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

அந்த 'என்னை?' நம் உரையாசிரியர்கள் கேட்பது. ஏன் அப்படி என்று தாமே கேட்டு, தாமே விடை சொல்வார்கள். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் தமக்கு ஒப்பாத பொருளையும் மறைக்காமல், 'என்று உரைப்பாரும் உளர்' என்று எடுத்துவைத்து, அது ஏன் பொருந்தாது என்று காட்டுவார். பகுப்பாய்வுக் கட்டுரை ஆங்கிலத் துறையிலிருந்து வந்த சரக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். வடிவம் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம், வேலை இங்கே பழையது.

இன்னும் பின்னால் போகலாம். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் முன்னுரையான பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு பக்கத்து ஊர்தான் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம், பட்டுக்கொள்வோம். ஆனால் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? சும்மா உட்கார்ந்து தலையாட்டவில்லை. குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார், தொல்காப்பியர் விடை சொல்லிக்கொண்டே போனார். மக்களே, நீங்கள் எழுதும்போது எதிரே அவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு கேள்வியாவது கேட்கட்டும். அவர் கேட்க ஒன்றுமே இல்லாத பத்தி என்றால் அது கதைச் சுருக்கம். பாதியாகக் குறையுங்கள்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். மேற்கோள் காட்டினால் அதைப் பற்றி இரண்டு வாக்கியமாவது பேசுங்கள், வெறுமனே ஒட்டிவைக்க வேண்டாம். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன வாதிடப்போகிறோம் என்பது பாதி எழுதிய பிறகுதான் நமக்கே தெரியும். செல்போனில் கேட்டால் நொடியில் கட்டுரை வந்துவிடுகிறதே என்கிறீர்கள், வரும். அதங்கோட்டாசான் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தானே.

கடைசியாக, உங்கள் ஆசிரியர் அனுமதியோடு ஒரு வீட்டுவேலை. தேரூர்க்காரர் கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. மருமக்கள் வழி என்றால் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் முறை. இதைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் சொத்துரிமை வரலாறுதான் வரும். குடும்பத் தலைவரான காரணவர், மருமகன், 1926ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். எல்லாம் சரிதான், அது தெரியாமல் பாட்டு விளங்காது. ஆனால் அந்தக் கதையை நம்மிடம் சொல்கிறவள் யார்? அந்த வீட்டுக் காரணவரின் ஐந்தாவது மனைவி. சொத்து கிடைக்காத மகனைப் பேச விட்டிருக்கலாம், காரணவரையே பேச விட்டு மாட்டிக்கொள்ளச் செய்திருக்கலாம். ஓர் ஆண் கவிஞர் ஏன் அவள் வாயைத் தேர்ந்தெடுத்தார்? அவள் புலம்பும் இடத்தில் நமக்குச் சிரிப்பு வருகிறதே, அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து? இரண்டு பக்கம் எழுதுங்கள். சட்ட வரலாறு அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது. சரி, சாப்பிடப் போகலாம்.