ஒட்டிய தாங்கிக்கு நேரம் கொடுங்கள்

வணக்கம் நேயர்களே. தண்ணீர்த் தாங்கியில் வெடிப்பு விழுந்தால், காலையில் பசை வைத்து மாலையிலேயே நிரப்பிவிடுகிறோம். பீலிக்கும் வீட்டுக்கும் குடம் சுமக்கிறவர்களுக்கு அந்த அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நம் மலையகக் குளிரில் அந்த ஒட்டு அதற்குள் இறுகியிருக்காது.

எபொக்சிப் பசை ஈரத்துணி உலர்வதைப் போல உலர்வதில்லை. பிசினும் அதை இறுகவைக்கக் கலக்கிற ஹார்டனரும் ஒன்றோடொன்று வினைபுரிந்துதான் இறுகுகின்றன. குளிரில் அந்த வினை மந்தமாகிவிடும். 10 பாகை செல்சியஸ் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். பெட்டியில் 24 மணி நேரம் என்று இருந்தால், அது பெரும்பாலும் 20 முதல் 25 பாகை வரையான சூட்டுக்குச் சொன்ன கணக்கு. கொழும்புக்குச் சரி. 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிற நுவரெலியாவில் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாத இரவுகள் இன்னும் மோசம். அங்கே இரண்டு நாளாவது விடுங்கள், குளிர் கடுமையென்றால் மூன்று.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடவே வேண்டாம். அளவு தப்பினால் ஒரு பங்கு வினைபுரியாமல் மிஞ்சி, ஒட்டு கடைசிவரை பலவீனமாகவே இருக்கும். நெருப்பும் காட்டாதீர்கள், தாங்கியே இளகிவிடும். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒட்டின் மேல் சாய்த்து வையுங்கள். மழை படாமல் தறப்பாள் கட்டுங்கள்.

இறுகிவிட்டதா என்று பார்க்க, கலக்கிய கிண்ணத்தில் மிஞ்சிய கட்டியை அழுத்திப் பார்ப்பார்கள். அது ஏமாற்றும். திரளாகக் கிடக்கும் பசை தன் சூட்டிலேயே வேகமாக இறுகும். தாங்கிமேல் மெல்லிசாகப் பூசியது பின்தங்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் துண்டில் அதே கனத்துக்குப் பூசித் தாங்கியின் பக்கத்திலேயே வையுங்கள். நகம் பதிந்தால் பொறுத்திருங்கள். நகம் பதியாவிட்டாலும் சொன்ன நாள் கணக்கைக் குறைக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் தாங்கிகள் பெரும்பாலும் பொலிஎதிலீன் என்கிற பிளாஸ்டிக். சாதாரண எபொக்சி அதில் நன்றாகப் பிடிக்காது. பொலிஎதிலீனுக்கு உகந்தது, குடிநீருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிற பசையைக் கேட்டு வாங்குங்கள். உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். பெரிய வெடிப்பென்றால் அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிற ஆளைக் கூப்பிடுவதே நல்லது. அந்த ஒட்டு ஆறினாலே போதும்.

1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன் பாரம். நிரம்பும்போது தாங்கியின் சுவர் வெளியே தள்ளும். எனவே முதலில் கால்வாசி மட்டும் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கசிவில்லையா? அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் திறந்துவிட்டு, தாங்கியைக் கழுவி, அப்புறம் முழுதாக நிரப்புங்கள்.