புது பிக்கப்பில் துரு, பிரேக் சத்தம்: பேட் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். இன்றைக்கு நேராக வண்டிக்கு அடியில் போய்விடலாம், பேச்சை அங்கே வைத்துக்கொள்வோம்.

வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத பிக்கப். காலையில் முதல் பிரேக் போட்டதும் கரகரவென்று சத்தம், சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க் முழுக்கச் செம்மண் பூசியது போல இருக்கிறது. பதற வேண்டாம். டிஸ்க் வார்ப்பிரும்பு, அதை அமுக்கிப் பிடிக்கும் கட்டையான பேட் உரசுகிற முகத்தில் பெயின்ட் நிற்காது, ராத்திரிப் பனி பட்டாலே மேலாகத் துரு வந்துவிடும். நாலைந்து தடவை பிரேக் போட்டால் பேடே அதைத் துடைத்துவிடும். இது கோளாறே இல்லை.

நாள் முழுக்க ஓட்டிய பிறகும் டிஸ்கில் ஒரு வளையம் துருவோடு நின்றால்தான் கவலை. அந்த இடத்தில் பேட் சரியாகப் படவில்லை என்று அர்த்தம். டிஸ்கின் உள்முகத்தையும் பாருங்கள், டார்ச் அடித்துக் குனிய வேண்டியிருக்கும், அதனாலேயே பாதிப் பேர் பார்ப்பதில்லை.

என் வண்டியில் ஒரு பக்கம் பேட் தீர்ந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதத்தில் அதே பக்கம் மறுபடி சத்தம். இந்தத் தடவை நானே கழற்றினேன்.

[திரையில்: இரண்டு பேடும் அருகருகே]

இதோ, வெளிப் பேட் கிட்டத்தட்ட புதுசு. உள் பேட் தகடு வரை தேய்ந்து கிடக்கிறது. பேடின் தரம் மோசம் என்றால் இரண்டும்தானே தேய்ந்திருக்க வேண்டும்? பேடுகளை டிஸ்கில் அமுக்கும் கவ்விதான் கேலிப்பர், இந்த வகையில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் கேலிப்பர் இரண்டு வழுக்குக் கம்பிகள் (பின்) மேல் நகர்ந்து வந்து வெளிப் பேடை இழுத்து அமுக்கும். அவற்றின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போய் அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகினால் கேலிப்பர் நகராது, மொத்த வேலையும் உள் பேட் தலையில் விழும். பேட் மாற்றியவர் பின்னைத் தொடவே இல்லை.

இன்னொரு இடம், பேடின் இரண்டு காதும் உட்காருகிற தாங்கி. அங்கே மெல்லிய எஃகு கிளிப் இருக்கும், பளபளவென்று நன்றாகத்தான் தெரியும். அதைக் கழற்றுங்கள்.

[திரையில்: கிளிப்புக்கு அடியில் செதில் செதிலாகத் துரு]

கிளிப் துருப்பிடிக்கவில்லை, அதற்கு அடியில் இருக்கும் இரும்பு பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அது வீங்கிக் கிளிப்பை மேலே தள்ள, பேட் நடுவில் மாட்டிக்கொள்ளும். பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே வரும், சக்கரம் சூடாகும், மைலேஜ் குறையும். வயர் பிரஷ், தேவைப்பட்டால் அரம், வெறும் உலோகம் தெரியும் வரை தேயுங்கள். புதுக் கிளிப் போட்டு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிசாக. பேட் விரலால் தள்ளினால் நகர வேண்டும், சுத்தியலால் தட்டித்தான் ஏறுகிறது என்றால் வேலை முடியவில்லை. பின்னுக்குச் சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ் போடுங்கள், சாதாரண பெட்ரோலிய கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிவிடும். அப்புறம், கழற்றிய கேலிப்பரைக் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க வேண்டாம்.

பெடல் உதறுகிறது என்றால் உடனே "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பல நேரம் டிஸ்க் மாட்டியிருக்கும் சக்கர நடுப்பகுதியான ஹப்புக்கும் டிஸ்குக்கும் நடுவில் ஒரு துருச் செதில் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். டிஸ்க் ஆடுவதற்குப் பல வண்டிகளில் அனுமதி 0.05 மில்லிமீட்டர் அளவுதான், ஒரு தாள் கனம்கூட இல்லை. ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால் அதுவும் உதறும்.

பிரேக் ஆயில் போகும் பிரேக் லைன் மட்டும் வேறு கணக்கு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓரமாகப் போகும் அந்த இரும்புக் குழாயை கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பாருங்கள், சேறும் உப்பும் அங்கேதான் தங்கும். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், தேய்த்துப் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. ஈரம் கசிந்திருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். மாற்றும்போது செம்பு-நிக்கல் குழாய் கிடைத்தால் துருத் தொல்லை விட்டது. பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும்: டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடுகிறது. அந்த ஈரமே உள்ளிருந்தும் துருவைக் கிளப்பும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

சேஸிஸில் மேலோட்டமான துரு என்றால் சுரண்டி, பிரைமர் அடித்து, மெழுகு அல்லது எண்ணெய் வகைப் பூச்சு அடியுங்கள், பிரேக் பக்கம் படாமல். துரு மேலேயே கெட்டியான ரப்பர் பூச்சு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். வாரன்டியைப் பொறுத்தவரை பல கம்பெனிகள் தகடு ஓட்டையானால்தான் துருவென்று ஒத்துக்கொள்ளும், ஆகவே இன்றைக்கே படம் எடுத்துச் சர்வீஸ் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சா? சரி, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். புதுப் பேடுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம், முதல் மிதியில் பெடல் தரை வரை போகும்.