வெட்டுக்கிளி தின்ன வருஷங்கள்

[திரையில்: களக்காடு பக்கம் மலை, கீழே வாழைத்தோப்பு. குரல் மட்டும்.]

எங்க ஊர்ப் பக்கம் "எப்படி இருக்கீக?"ன்னு கேட்டா, "கர்த்தர் கிருபையில இருக்கோம்"னு சொல்லுவாங்க. வாழைத்தார் விலை விழுந்தாலும் அதே பதில், மகனுக்கு வேலை கிடைச்சாலும் அதே பதில். புழங்கிப் புழங்கித் தேஞ்சுபோன சொல். அதோட கனம் தெரியணும்னா டோனாவூர் கதைக்குப் போகணும்.

[திரையில்: டோனாவூர் பெயர்ப்பலகை.]

ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்துல இங்க கோயில் கட்டப் பணம் அனுப்பினவர் டோனா பிரபு. ஊருக்கு அவர் பேர். அது இருக்கட்டும்.

1901 மார்ச். பொட்டுக்கட்ட, அதாவது தேவதாசியாக்க, கோயில்ல விட்டிருந்த ஏழு வயசுப் பிள்ளை தப்பி ஓடுறா. பேர் பிரீனா. ஏற்கெனவே ஒரு தடவை தூத்துக்குடிக்கு, அம்மாவைத் தேடி ஓடினவ. அம்மா அவளைத் திரும்ப ஒப்படைச்சுட்டா. தண்டனையா கையில சூடு. இந்தத் தடவை பண்ணைவிளையில ஏமி கார்மைக்கேல்கிட்ட வந்து சேர்ந்தா.

அயர்லாந்துல இருந்து வந்த மிஷனரி அம்மா. பிள்ளையைத் தூக்கி மடியில வச்சு முத்தம் கொடுத்தாங்க. பிரீனா வளர்ந்த பிறகு நினைவுல வச்சுச் சொன்னது அதைத்தான்: என் அம்மாதானே இப்படி மடியில வைப்பா, இவங்க யாரு? அன்னையில இருந்து இவங்கதான் எனக்கு அம்மா.

மடி. அவ்வளவுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்ச இறையியல்.

இதை ஒரு மதத்தை இடிச்சுப் பேசுற கதையா எடுத்துக்காதீங்க. பொட்டுக்கட்டுறதைத் தடுக்கிற சட்டம் 1947-ல சென்னை மாகாணத்துல வந்துச்சு. அதுக்காக வருஷக்கணக்கா மல்லுக்கட்டினவங்க முத்துலட்சுமி ரெட்டி.

[திரையில்: திறந்த வேதப்புத்தகம், யோவேல் 2:25.]

கன்வென்ஷன் பந்தல்ல இந்த வசனத்தை எடுத்து, "வெட்டுக்கிளி தின்ன வருஷங்களைக் கர்த்தர் திருப்பித் தருவார்"னு முழங்குவாங்க. எனக்கு அதுல ஒரு நெருடல். நம்ம பழைய தமிழ் வேதாகமத்தை விரல் வச்சு வாசிங்க. "வருஷங்களின் விளைவை"ன்னு இருக்கு. வருஷங்களைன்னு இல்ல.

நெல்லைக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். கார் பருவ நெல்லைப் பூச்சி தின்னுட்டா, அந்தக் கார் போனது போனதுதான். தாமிரபரணியே புரண்டு வந்தாலும் அந்தக் கதிர் எழுந்திருக்காது. ஆனா அதே வயல்ல அடுத்த பருவத்துக்குப் பிசானம் நடலாம். பிரீனாவுக்கு ஏழு வயசு திரும்பி வரல, சூடு வாங்கின கையும் அதே கைதான். அவளுக்குப் பின்னால நூத்துக்கணக்கான பிள்ளைங்க, ஏமி அம்மா டோனாவூர்ல நடத்தின இல்லத்துல வளர்ந்தாங்க.

"பழசை மறந்துடு, ஜெபம் பண்ணு"ன்னு அடிபட்ட பிள்ளைகிட்ட சொல்றவங்க நம்மள்ல நிறைய. மடி கொடுக்கச் சோம்பல், வேறென்ன.

[திரையில்: மரநிழல், கல்லில் ஒரு தொட்டி.]

ஏமி அம்மா 1951 ஜனவரியில இறந்தாங்க. கடைசி இருபது வருஷமும் கிட்டத்தட்டப் படுக்கைதான். கல்லறைக்குக் கல் வைக்காதீங்கன்னு முன்னாலயே சொல்லிட்டாங்க. அதனால பறவை தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சாங்க. பேர் இல்ல, தேதி இல்ல. பிள்ளைங்க அவங்களைக் கூப்பிட்ட அந்த ஒரு சொல் மட்டும்.