சாவி யாரிடம் இருக்கிறது?

அவைத் தலைவர் ஐயா அவர்களே, நூலகர் சங்கப் பொறுப்பாளர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்துவிட்ட செயலாளர் அம்மா அவர்களே, முன்வரிசைப் பதிப்பாளர்களே, பின்வரிசையில் வெள்ளைக்கோலை மடித்து மடியில் வைத்திருக்கும் என் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். வேறொரு கூட்டம் இருந்தும் என் பேச்சுக்காக உட்கார்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களுக்குத் தனி நன்றி. சீக்கிரம் முடித்துவிடுகிறேன் ஐயா.

பார்வையற்றவர்களும் காது கேளாதவர்களும் நூலகத்தில் தடையின்றிப் படிப்பது பற்றி மூன்று செய்திகள். ஒன்று கருவி, இரண்டு சட்டம், மூன்று காது கேளாத வாசகர்கள்.

கருவிக்குப் பஞ்சமே இல்லை. அச்சிட்ட பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரத்தை அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் 1976இல் வெளியிட்டார். பார்வையற்ற அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் உடனே ஒன்று வாங்கிக்கொண்டார். அந்தப் பெரிய இயந்திரத்தின் வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. கணினித் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை, பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் 2006இல் எழுதத் தொடங்கினார். இன்றும் அது இலவசம். பிறகு என்னதான் தடை? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே!

ஒரு நூலகம். பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பார்வையற்ற நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். "வாசிப்பு இயந்திரம் இருக்கிறதா?" என்றார். "இருக்கிறதே, திறப்பு விழாவே நடத்தினோம்" என்றார் ஊழியர். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில். யார் யாருக்கோ போன் போட்டு மாற்றுச் சாவி வந்தது. உள்ளே போனால் இயந்திரத்தின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடவில்லை. ஒயர் எட்டவில்லை. சரி என்று மேசையோடு கூடத்துக்கே தூக்கி வந்தோம். ஹெட்போன்? அது வேறு அலமாரியில், அந்தச் சாவி வேறொருவரிடம்! நண்பர் பொறுமையாக நாவலை விரித்து வைத்துப் பொத்தானை அழுத்தினார். முழு ஒலியில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அன்பே, நீ இல்லாமல் நான் எப்படி வாழ்வேன்" என்றது இயந்திரம். படித்துக்கொண்டிருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஒலியைக் குறைக்க எந்தப் பொத்தான் என்று ஊழியருக்கும் தெரியவில்லை. கதாநாயகன் அழுது முடிக்கும்வரை எல்லோரும் கேட்டோம். நண்பர் மட்டும், "பரவாயில்லை, உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்றார்.

அந்த ஊழியரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சட்டத்துக்கு வருகிறேன். பார்வையற்றோருக்கும் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தமான மராக்கேஷ் உடன்படிக்கை, மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் 2013இல் நிறைவேறியது. 2014இல் முதல் நாடாக இந்தியா அதை உறுதிசெய்தது. 2016இல் நடைமுறைக்கு வந்தது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமல்ல, புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தான். பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்காமலே அவர்கள் படிக்கத்தக்க வடிவில் புத்தகத்தை மாற்றித் தரலாம். ஆனால் நடப்பது என்ன? பக்கத்தைப் படம் பிடித்து பிடிஎஃப் ஆக்கிவிட்டு "மின்னூல்" என்கிறோம். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுக்காத அந்தக் கோப்பில், திரைவாசிப்பானுக்குப் படிக்க ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. சாமி மராக்கேஷில் வரம் கொடுத்துவிட்டார். பூசாரிகள் நாம்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். முன்வரிசையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அச்சுக்குப் போகும் கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது?

அதனால்தான் எங்கே போனாலும் இதையே சொல்கிறேன். தனி அறை வேண்டாம், பூட்டு வேண்டாம். வாசகர் பயன்படுத்தும் ஒவ்வொரு கணினியிலும் என்விடிஏ இருக்கட்டும், பக்கத்தில் ஒரு ஹெட்போன் தொங்கட்டும். எந்த நேரப் பணியில் யார் இருந்தாலும் அதை இயக்கத் தெரிந்திருக்கட்டும். பயிற்சி தரப் பின்வரிசை நண்பர்கள் தயார், கூப்பிட்டால் போதும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காது கேளாத வாசகர்களைப் பற்றிப் பேச நேரமில்லை. அதற்குத் தனிக் கூட்டமே போடலாம், செயலாளர் அம்மா குறித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்டு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெரிய எழுத்துப் பிரதியும் பிரெயில் பிரதியும் உண்டு. பார்வையற்றவர்கள் கையெழுத்திட, நடுவில் கட்டம் வெட்டிய அட்டையும் வைத்திருக்கிறோம். போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.