யார்க் மின்ஸ்டரின் 600 வயது கண்ணாடி: எப்படிச் செய்தார்கள், எது அரிக்கிறது?

[காட்சி: ஸ்டோன்கேட் தெரு, காலை]

இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வந்தவுடன் தெருப்பெயர்கள் குழப்பும். ஸ்டோன்கேட், மிக்கில்கேட், கொப்பர்கேட். இதில் வரும் "கேட்" வாசல் இல்லை, தெரு. 866-இல் நகரைப் பிடித்த வைக்கிங்குகள் விட்டுப்போன சொல் அது. மதிலின் வாசலுக்கு இங்கே "பார்" என்று பெயர். சுமார் 3.4 கிலோமீட்டர் நீள மதில் இன்றும் நிற்கிறது, மேலே ஏறி நடக்கலாம்.

இந்த ஸ்டோன்கேட் பக்கம்தான் இடைக்காலக் கண்ணாடி ஓவியர்கள் குடியிருந்தார்கள். நாலு எட்டு வைத்தால் யார்க் மின்ஸ்டர் பேராலயம். நாம் பார்க்கப்போவது அதன் கிழக்குப் பெரிய ஜன்னலை.

[காட்சி: ஜன்னல் முழுவதும், கீழிருந்து மேலே]

உயரம் 23 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. 311 கண்ணாடிப் பலகங்கள். உலகம் படைக்கப்பட்டதில் தொடங்கி அது முடிவது வரை பைபிள் சொல்லும் கதை. 1405-இல் கவென்ட்ரி ஊர்க்காரர் ஜான் தார்ன்டனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். மூன்று ஆண்டு கெடு. வாரம் 4 ஷில்லிங், ஆண்டுக்கு 5 பவுண்டு, முடித்தால் மேலும் 10 பவுண்டு. அன்று 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூட்டிப் பாருங்கள், 56 பவுண்டு சொச்சம் வரும். வேலை 1408-இல் முடிந்தது.

[காட்சி: பட்டறை மேசை, சூளை]

சுண்ணாம்பு பூசிய மேசைமேல் படத்தை முழு அளவில் வரைவார்கள். அதன்மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கோடிழுத்தால் விரிசல் விடும். ஓரத்தைக் கொறடால் கடித்துக் கடித்துச் சரிசெய்வார்கள். நீலமும் சிவப்பும் மேலே பூசியவை அல்ல, கண்ணாடி உருகும்போதே சேர்ந்த நிறம். தூரிகையால் வரைந்தது முகம், விரல், துணி மடிப்பு. அதற்கான மை, உலோகத் துருவையும் கண்ணாடிப் பொடியையும் அரைத்துக் குழைத்தது.

அடுத்தது சூளை. 600 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். சூடு குறைந்தால் மை ஒட்டாமல் பின்னால் உதிரும். மிஞ்சினால் கண்ணாடி நெளியும். அவசரமாக ஆறவிட்டால் வெடிக்கும்.

[காட்சி: ஒரு தேவதூதரின் தலை, மிக அருகில்]

இந்த மஞ்சள் தலைமுடியைக் கவனியுங்கள். துண்டுகளை இணைப்பது ஈயப் பட்டி, ஆனால் முகத்துக்கும் முடிக்கும் நடுவில் அது கிடையாது. கண்ணாடியின் பின்பக்கம் வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சுட்டால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகும். ஒரே துண்டில் இரண்டு நிறம். எனக்கு இந்த ஜன்னலிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

[காட்சி: குழி விழுந்த பழைய கண்ணாடி]

இதைக் கெடுப்பது தண்ணீர். அந்தக் காலக் கண்ணாடி மரச்சாம்பலும் மணலும் சேர்ந்தது. சாம்பலின் பொட்டாசியத்தை ஈரம் மெல்ல இழுத்துக்கொள்ள, மேற்பரப்பில் ஊசிக்குழி விழும், வெள்ளைப் படலம் படியும், வெளிச்சம் மங்கும். மழை வெளிப்பக்கத்தைத் தாக்கும். குளிர்ந்த கண்ணாடியின் உட்பக்கம் மூச்சுக்காற்றின் ஈரம் முத்துமுத்தாக வேர்க்கும், அங்கேதான் ஓவியம் இருக்கிறது.

பழைய பழுதுபார்ப்பும் ஒரு சேதம்தான். உடைந்த துண்டுகளைக் கூடுதல் ஈயத்தால் இணைத்ததில், ஒரே முகத்தின் குறுக்கே நாலைந்து கறுப்புக் கோடுகள்.

[காட்சி: பலகம் கழற்றுதல்]

இரண்டு உலகப் போரிலும் குண்டுக்குப் பயந்து கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். அண்மைப் பெரும்பணி 2008-இல் தொடங்கி, 2018-இல் கடைசிப் பலகம் வைக்கப்பட்டது. தேவையற்ற ஈயக் கோடுகளை நீக்கி, உடைந்த விளிம்புகளைப் பசையால் ஒட்டினார்கள். அந்தப் பசையைப் புற ஊதாக் கதிர் கெடுக்கும். அதனால் வெளியே இன்னொரு கண்ணாடி, அந்தக் கதிரைத் தடுக்கும் வகை. மழை இனி அதன்மேல்தான் விழும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, பேராலயத்தின் உட்காற்று அதில் ஓடும்படி வைத்ததால், ஓவியக் கண்ணாடியின் இருபுறமும் ஏறக்குறைய ஒரே வெப்பம். வேர்ப்பதில்லை.

போகிறவர்கள் காலையில் போங்கள், வெயில் நேராகப் பின்னாலிருந்து விழும். கையில் ஒரு பைனாகுலர் இருக்கட்டும். உச்சியில் கடவுளின் உருவத்தருகே தார்ன்டன் வரைந்துவைத்த 1408 என்ற ஆண்டு வெறும் கண்ணுக்குத் தெரியாது.