‘வீ’ என்ற சொல் ‘உய்’யிலிருந்து வந்ததா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பாரிசில் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் ஒரு தங்கை இரண்டு சந்தேகங்கள் கேட்டிருக்கிறார். ‘அண்ணா, பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், ரொமேனியன் எல்லாமே லத்தீனிலிருந்து பிறந்தவை என்கிறீர்கள். அப்படியானால் “ஆம்” என்பதற்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு சொல்? பிரெஞ்சுச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் “உய்” என்று வருகிறதே, அது நம்முடைய உய்தல், உய்வு என்ற சொல்லா?’ இது முதல் கேள்வி. இரண்டாவது, கடையில் அவருக்கு நடந்த ஒன்று. அதைக் கடைசியில் பார்ப்போம்.

‘உய்’ விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அது நம் சொல் அல்ல. ஆசைப்படுவதில் தவறில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் எழுத்தில்தான் அது ‘உய்’ போல இருக்கிறது, வாயில் ‘வீ’ என்றுதான் வருகிறது. அதைவிட முக்கியம், 800 வருடங்களுக்கு முன்னால் அந்தச் சொல் எப்படி இருந்தது என்பது. அப்போது அது ‘ஓயில்’. கடைசியில் ஒரு லகரம் இருந்தது. இன்றைய உருவத்தை வைத்து ஒப்பிட்டால் அந்த லகரத்துக்கு நாம் பதில் சொல்ல முடியாது.

சரி, இந்த ‘ஓயில்’ எங்கிருந்து வந்தது? இங்கேதான் முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. ‘ஆம்’ என்பதற்கென்றே ஒதுக்கிய ஒரு தனிச் சொல் லத்தீனில் இல்லை! எப்படிச் சமாளித்தார்கள் என்றால், நம்மைப் போலவேதான். ‘வந்தாயா?’ என்று கேட்டால் நாம் ‘ஆம்’ என்றா சொல்கிறோம்? ‘வந்தேன்’ என்கிறோம். ‘சாப்பிட்டாச்சா?’ ‘ஆச்சு.’ லத்தீன்காரரும் வினைச்சொல்லைத் திருப்பிச் சொன்னார்: ‘வேனி’, வந்தேன். சீசரின் ‘வேனி, விதி, விசி’யில் (வந்தேன், கண்டேன், வென்றேன்) வரும் அதே வேனிதான். இல்லையென்றால் ‘அப்படித்தான்’, ‘நிச்சயமாக’ என்று ஏதாவது சொல்வார்கள். தாயிடம் இல்லாத சொல்லைப் பிள்ளைகள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்ள முடியும்? அதனால் ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது.

இத்தாலியனும் ஸ்பானிஷும் ‘சிக்’ என்ற லத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டன. ‘அப்படி’ என்று பொருள். அதுதான் இன்றைய ‘சீ’. ரொமேனியர்கள் பக்கத்திலிருந்த ஸ்லாவிய மக்களிடமிருந்து ‘டா’வை வாங்கிக்கொண்டார்கள். போர்ச்சுகீசியர்களிடம் ‘சிக்’கிலிருந்து வந்த ‘சிம்’ இருக்கிறது, ஆனாலும் பழைய வழக்கத்தை அவர்கள் விடவில்லை. ‘காபி வேண்டுமா?’ என்று கேட்டால் இன்றும் ‘கேரு’, அதாவது ‘வேண்டும்’ என்பார்கள். தமிழ் பேசுகிறவருக்கு இது சட்டென்று பழகிவிடும்.

பிரான்சில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே எடுத்துக்கொண்ட சொல் ‘ஹொக்’. ‘இது’ என்று பொருள். தெற்கே அது ‘ஒக்’ ஆகி அப்படியே நின்றுவிட்டது. வடக்கே அதோடு ஆளையும் சேர்த்துச் சொன்னார்கள். ‘நீ செய்தாயா?’ என்றால் ‘ஓ ஜெ’, அதாவது ‘இதை நான்’. ‘அவன் செய்தானா?’ என்றால் ‘ஓ இல்’, ‘இதை அவன்’. செய்தான் என்பது சொல்லாமலே புரியும். இந்த ‘இல்’லுக்கு லத்தீன் மூலம் ‘இல்லே’. கேட்டதும் நம் ‘இல்லை’ நினைவுக்கு வரும், ஆனால் அதற்குப் பொருள் ‘அவன்’. ஒலி ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள், ‘ஆம்’ என்ற சொல்லுக்குள் ‘இல்லை’ இருக்கிறது என்று ஆகிவிடும்!

நாளடைவில் யாரைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும் ‘ஓ இல்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். அது ஒட்டி ‘ஓயில்’ ஆயிற்று. லகரம் உதிர்ந்து ‘வீ’ ஆயிற்று. நீங்கள் தினமும் சொல்லும் அந்த ஓரெழுத்து, ஒரு காலத்தில் ‘இதை அவன் செய்தான்’ என்ற முழு வாக்கியத்தின் வேலையைச் செய்தது.

இந்தச் சின்னச் சொற்களை வைத்தே மொழிகளுக்குப் பெயரும் வைத்தார்கள். 1305 வாக்கில் இத்தாலியக் கவிஞர் தாந்தே, மக்கள் பேசும் மொழிகளைப் பற்றி எழுதும்போது ‘ஒக்’ சொல்கிறவர்கள், ‘ஓயில்’ சொல்கிறவர்கள், ‘சீ’ சொல்கிறவர்கள் என்று மூன்றாகப் பிரிக்கிறார். தெற்கு பிரான்சின் ‘லாங்டொக்’ என்ற பெயருக்கு ‘ஒக் மொழி’ என்றுதான் பொருள். 2016இல் துலூஸைத் தலைநகராக வைத்து அமைத்த ‘ஒக்ஸிதானி’ மாநிலத்தின் பெயருக்குள்ளும் அதே ‘ஒக்’ இருக்கிறது. ஒரு ‘ஆம்’ஐ வைத்து ஒரு நாட்டின் பகுதிக்கே பெயர்!

பிரெஞ்சில் இப்படித் தேய்ந்த சொற்கள் நிறைய. தண்ணீருக்கு அங்கே ‘ஓ’ என்று ஒரே ஓசை. நம் ‘ஓடை’யோடு சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் லத்தீனில் அது ‘அக்குவா’. இத்தாலியனில் இன்றும் ‘அக்குவா’, ஸ்பானிஷில் ‘ஆகுவா’. உங்கள் பாரிஸ் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியை ‘எவியே’ என்பார்கள் அல்லவா? அதுவும் இந்த அக்குவாவின் குடும்பம்தான். ‘அகுஸ்துஸ்’ என்ற பேரரசர் பெயரிலிருந்து வந்த ஆகஸ்ட் மாதம், பிரெஞ்சில் ‘ஊ’ அல்லது ‘ஊத்’. இவ்வளவு தேய்ந்தபின் பார்த்தால் எதையும் எதோடும் ஒட்ட வைக்கலாம். நம்முடைய ‘ஆம்’ மட்டும் என்ன? ‘ஆகும்’ என்ற வினை சுருங்கியதுதானே.

அப்புறம் அந்தக் கடை விஷயம். ரொட்டிக் கடையில் ‘பை வேண்டாமா?’ என்று கேட்டிருக்கிறார்கள். தங்கை ‘வீ’ என்று சொல்ல, பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். தமிழில் ‘பை வேண்டாமா?’ என்றால் ‘ஆமாம், வேண்டாம்’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதுதான் நம் ‘ஆமாம்’. பிரெஞ்சில் அப்படி இல்லை. எதிர்மறையாகக் கேட்டால், வேண்டாம் என்பதற்கு ‘நோன்’, வேண்டும் என்பதற்கு ‘சி’. ஆமாம், இத்தாலியன் ‘சீ’யின் அதே ‘சிக்’தான், பிரெஞ்சில் மறுத்துச் சொல்லும் வேலைக்கு மட்டும் வருகிறது. ஜெர்மனில் இதே இடத்தில் ‘டோஹ்’, ஸ்வீடிஷில் ‘யூ’. ‘வீ’ இந்த இடத்தில் பொருந்தாது, அதனால் கடைக்காரர் ‘வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை ‘நோன், மெர்சி’ என்று சொல்லிப் பாருங்கள் தங்கை, ரொட்டியைக் கையில் கொடுப்பார்கள்.