“நடக்காதீங்க, உட்காருங்க” என்று சொல்லாதீர்கள்

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களிடமும், அவர்களை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளிடமும் சேர்த்தே பேசுகிறேன்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார். விழுந்ததால் இறப்பவர்கள், எல்லா வயதினரையும் சேர்த்து, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓர் ஆண்டுக்குள் இறந்துபோகிறார்கள். எலும்பு கூடிவிடும். ஆனால் படுக்கையிலேயே கிடப்பதால் சளி கட்டி நிமோனியா வருகிறது, காலில் ரத்தம் உறைகிறது, முதுகில் புண் வருகிறது.

சரி, எலும்பு முறியாமல் தப்பித்தவர்கள்? அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பலர் விழுந்ததை வீட்டில் சொல்வதே இல்லை. சொன்னால் வெளியே தனியாக விடமாட்டார்களே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. “நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ப்பா, உட்காருங்க” என்று பாசத்தோடு சொல்கிறோம். அவரும் உட்கார்ந்துவிடுகிறார். சில மாதங்களில் தொடைச் சதை வற்றுகிறது, நிதானம் போகிறது. அடுத்த முறை இன்னும் எளிதாக விழுகிறார். பிள்ளைகளே, திட்டாமல் கேளுங்கள். எப்போது விழுந்தார், எழுந்ததும் தலை சுற்றியதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட வைக்கும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூடத் தெரியவரலாம்.

கழிவறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, பிடிமானமுள்ள செருப்பு, இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். பலர் விட்டுவிடுவது உடற்பயிற்சியை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, எதையாவது பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்ற பயிற்சிகளைத் தொடர்ந்து செய்தால், விழுவது கிட்டத்தட்ட கால்வாசி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

அப்புறம், எழுந்திருக்கவும் பழக வேண்டும். மணிக்கணக்கில் தரையில் கிடப்பதே தனி ஆபத்து. தசை நசுங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். விழுந்தால் பதறாமல் மூச்சு விட்டு, வலி எங்கே என்று பாருங்கள். கடுமையான வலி இருந்தால் அசையாமல் ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டில் திரும்பி, முட்டி போட்டுத் தவழ்ந்து, உறுதியான நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதைச் செய்து பாருங்கள்.